பேர்னாட் வரைந்த புல்

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு துணிக்கடை. அங்கே பில் அடிக்கிற பேர்னாட்டின் முகத்தை, கடைக்கு வந்துபோகிறவர்களில் பாதிப்பேர் சரியாகப் பார்த்திருக்கமாட்டார்கள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் தலையைக் குனிந்தபடி இருப்பான். துணியில் தொங்குகிற அட்டையின் இலக்கத்தைக் கணினியில் தட்டுவான், பில் துண்டைக் கிழித்து நீட்டுவான், "தேங்க்ஸ் அக்கா" என்பான். முப்பத்தாறு வயது. கொட்டாஞ்சேனையில் ஒரு தொடர்மாடியின் மூன்றாம் மாடியில் மனைவி நதாலியாவோடு குடியிருக்கிறான். அவன் வரைந்த மண்ணிலும் கல்லிலும் கால் வைத்து, போலந்திலும் பிரேசிலிலும் இருக்கிறவர்கள் ஓடிப் பாய்ந்து விளையாடுகிறார்கள் என்று சொன்னால் கடையில் ஒருவரும் நம்பமாட்டார்கள். அவனும் சொன்னதில்லை.

கடையில் சேர்ந்த புதிதில் அவனைச் சாறிப் பக்கம்தான் விட்டிருந்தார்கள். மூன்றாம் மாதம் ஒரு தாயும் மகளும் கல்யாணத்துக்கு எடுக்க வந்தார்கள். சாறியின் கரையைத் தொட்டுக் காட்டி, இதே நிறத்தில் பிளவுஸ் துணி ஒரு மீற்றர் வெட்டச் சொன்னார்கள். பேர்னாட் வெட்டி மடித்துப் பையில் போட்டுக் கொடுத்தான். அடுத்த நாள் தாய் திரும்பி வந்து துணியை மேசையில் விரித்தபோது கடையில் நல்ல சனம். முதலாளி நாகேந்திரம் எழும்பி வந்தார்.

"கரும்பச்சை கேட்ட பிள்ளைக்கு மண்ணிறத்தை வெட்டிக் குடுத்திருக்கிறாய். கண் எங்க இருந்தது உனக்கு?"

பேர்னாட் துணியைப் பார்த்தான், சாறிக் கரையைப் பார்த்தான். இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன. ஆனால் சுற்றி நின்ற எல்லாரும் தலையில் கைவைக்கிறார்கள். பிழை தன்னுடையதாகத்தான் இருக்கவேண்டும்.

"உனக்குக் கவனம் காணாது தம்பி," என்றார் நாகேந்திரம். "நீ பில்லுக்குப் போ. இலக்கம் பார்த்து அடிக்கிற வேலை. பிழை வராது."

வேலையை விட்டு நிறுத்தாமல் இடத்தை மாற்றிவிட்டதே பெரிய காரியம் என்று பேர்னாட் நினைத்தான். கவனமில்லாதவன் என்ற பேரும் அவனுக்குப் புதிதல்ல. வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் கேட்டுக் கேட்டுப் பழகியதுதான்.

இரண்டாயிரத்து இருபதில் ஊரடங்கு போட்டு எல்லாக் கடைகளையும் பூட்டினார்கள். நதாலியா, அவனுக்கு நதா, பாலர் பாடசாலை ரீச்சர். காலையில் அவளுடைய லப்டொப்பில் பிள்ளைகளுக்குப் பாட்டும் கதையும் நடக்கும். மத்தியானத்துக்குப் பிறகு அது பேர்னாட்டின் கைக்கு வரும். சின்ன வயதில் விளையாடிய, பக்கவாட்டில் ஓடுகிற வீடியோ கேம்போல ஒன்றைத் தானே செய்து பார்க்கலாம் என்று தொடங்கினான். நிரல் எழுதுகிற பகுதி அவன் மண்டைக்குள் ஏறவேயில்லை. ஆனால் ஓடுகிறவன் கால் வைக்க நிலம் வேண்டுமே, அதைக் கீறுகிற வேலையில் அவனுக்கு ஆசை பிடித்துவிட்டது.

அந்த நிலம் முழுவதையும் யாரும் வரைவதில்லை. பதினாறுக்குப் பதினாறு கட்டங்கள் கொண்ட ஒரு சின்னச் சதுரத்தை மட்டும் வரைகிறார்கள். அதற்கு டைல் என்று பேர். குளியலறைச் சுவரில் ஒட்டுகிற டைலைப்போலவே, அதையே பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு போனால் தரையாகும், சுவராகும், மலையாகும். சொல்ல லேசு. ஒரு டைலின் வலது விளிம்பு, அடுத்ததன் இடது விளிம்போடு மூட்டுத் தெரியாமல் சேரவேண்டும். ஆசைப்பட்டு நடுவில் ஒரு வடிவான கூழாங்கல்லை வைத்துவிட்டால், அதே கல் நூறு தடவை வரிசையாக வந்து நின்று கண்ணைக் குத்தும். பேர்னாட் முதல் பத்து நாளும் கல்லை வைப்பதும் எடுப்பதுமாக இருந்தான். பிறகு பிடிபட்டது. வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழுகிறது, நிழல் எத்தனை கட்டம் தள்ளி நிற்கவேண்டும் என்பதெல்லாம் அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்காமலே வந்தது.

கோட்டைச் சுவர், கடல், பனி மூடிய பாறை என்று மூன்று தொகுதிகளை இணையத்தில் சும்மா போட்டுவிட்டான். விரும்பியவர்கள் எடுத்து விளையாட்டுச் செய்யலாம். எடுத்தார்கள். கடை திறந்த பிறகும் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தால் பின்னேரம் வரை அதுதான்.

நாலாவதாக ஒரு காடு செய்தான். மழை பெய்து ஓய்ந்த காடு. புல், புல்லுக்குக் கீழே ஈரமண், தொங்குகிற இலைகள், கொடி. மூன்று மாதம் எடுத்தது. பேர் வைக்கத் தெரியாமல் "காடு – ஒன்று" என்று மட்டும் போட்டான். அதைப் பார்த்தவர்கள் விசித்திரமாக எழுதினார்கள். இலையுதிர்காலத்தை அருமையாகப் பிடித்திருக்கிறீர்கள் என்றார் ஒருவர். வறட்சியில் கருகிய புல்லை இப்படி வேறு யாரும் வரைந்ததில்லை என்றார் இன்னொருவர். பேர்னாட் சிரித்துக்கொண்டான். வெளிநாட்டுக்காரர்களுக்கு நம்முடைய காடு எங்கே தெரியப்போகிறது என்று விட்டுவிட்டான்.

பிறகுதான் திலக்ஷனின் அழைப்பு வந்தது. திலக்ஷன் கல்கிசையில் அறை எடுத்துத் தங்கி, கொள்ளுப்பிட்டியில் ஒரு மென்பொருள் கம்பனியில் வேலை செய்கிறவன். ஓய்வு நேரத்தில், ஒரு தபால்காரப் பெண் மலையேறிக் கடிதம் கொடுக்கிற விளையாட்டு ஒன்றைத் தனியாகச் செய்துகொண்டிருந்தான். டைல் செய்கிறவர் கொழும்பிலேயே இருக்கிற தமிழ் ஆள் என்று கண்டுபிடித்ததில் அவனுக்குப் பெரிய சந்தோசம்.

"அண்ணா, உங்கட காட்டு செட் சரியான வடிவு. ஒண்டு கேக்கலாமா, கோவிக்கக்கூடாது."

"கேளுங்க தம்பி."

"என்ர கதை மழைக்காலத்தில நடக்குது. அந்தக் காஞ்ச புல்லைப் பச்சையா மாத்தித் தர ஏலுமா?"

"எந்தக் காஞ்ச புல்?"

"அதுதான் அண்ணா, அந்த மண்ணிறப் புல்."

"அது பச்சைதானே."

மறுபக்கம் சிரித்தது. பேர்னாட் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது.

நதா குசினியில் தக்காளி வெட்டிக்கொண்டிருந்தாள். பேர்னாட் லப்டொப்பைத் தூக்கிக்கொண்டுபோய் அவளுக்கு முன்னால் வைத்தான்.

"இது என்ன நிறம், நதா?"

"மண்ணிறம். காஞ்ச புல்தானே?"

"இது?"

"இலை. பழுத்துக் கொட்டுற இலை. செங்கல் மாதிரி ஒரு நிறம்." அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். "ஏன், நீங்க வேணுமெண்டுதானே அப்பிடிக் கீறினீங்க?"

நதா கையைக் கழுவித் துடைத்துவிட்டு பல்கனிக்குப் போனாள். உடுப்புக் கொடியிலிருந்து இரண்டு கிளிப்பைக் கழற்றிக்கொண்டு வந்து, அவன் உள்ளங்கையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"இதில பச்சை எது?"

பேர்னாட் நெடுநேரம் பார்த்தான். பிறகு ஒன்றைத் தொட்டான். அவள் முகத்திலிருந்தே பிழை என்று விளங்கியது.

அடுத்த போயா தினத்தில், பௌர்ணமி விடுமுறைக்கு, கொட்டாஞ்சேனையிலேயே ஒரு கண்ணாடிக் கடையில் இருந்த கண் டொக்டரிடம் போனார்கள். டொக்டர் ஒரு புத்தகத்தை விரித்தார். பக்கம் முழுக்க நிறநிறமான பொட்டுகள். "மொகக்த பேன்னே?" என்ன தெரிகிறது என்று சிங்களத்தில் கேட்டார். முதல் பக்கத்தில் பன்னிரண்டு என்று பேர்னாட் சொன்னான். இரண்டாம் பக்கத்தைத் திருப்பியதும் பின்னாலிருந்த நதா வகுப்பில் பிள்ளைக்கு எடுத்துக் கொடுக்கிற பழக்கத்தில் "எட்டு" என்றுவிட்டாள். டொக்டர் அவளைப் பார்த்து விரலை உயர்த்தினார். பேர்னாட்டுக்குப் பொட்டுகள் மட்டும்தான் தெரிந்தன. மூன்றாம் பக்கமும் அப்படித்தான். நாலும். "பேன்னே நே டொக்டர்," என்று ஒவ்வொரு தடவையும் சொன்னான், தெரியவில்லை என்று. ஐந்தாம் பக்கம் வந்தபோது நதா புத்தகத்தைப் பார்ப்பதை நிறுத்தித் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறவியிலேயே உள்ளது, சிவப்பும் பச்சையும் பிரிந்து தெரியாது, மருந்தில்லை, கூடவும் மாட்டாது என்றார் டொக்டர். என்ன வேலை என்று கேட்டார். பில் அடிப்பதாகச் சொன்னான். அப்படியென்றால் ஒரு பிரச்சினையும் இல்லை என்று அடுத்தவரைக் கூப்பிட்டார்.

வீட்டுக்கு நடந்துதான் வந்தார்கள். வழியெல்லாம் பேர்னாட்டுக்குப் பழைய காரியங்கள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. ஐந்தாம் வகுப்பில் தென்னோலைக்குச் சிவப்புப் பூசியதற்கு அடிமட்டத்தால் விழுந்த அடி. துறைமுகத்தில் வேலை செய்த அப்பா, சிவப்பு மூடி போட்ட டின்னை எடுத்து வரச் சொல்ல, பச்சை மூடி டின்னோடு போய் நின்ற நாள். "கண்ணைப் பிடரியில வச்சிருக்கிறான்," என்று அப்பா கூட வேலை செய்கிறவர்களிடம் சொல்லிச் சிரித்தார். அப்பா இறந்து ஆறு வருடம். இதை முதலில் அவருக்குத்தான் சொல்லியிருக்கவேண்டும்.

அவனுக்கு ஆறுதலாக இருந்தது, கோபமாகவும் இருந்தது. கவனமில்லாதவன் என்று சொல்லிச் சொல்லியே அவன் எதையும் இரண்டு தடவை பார்க்கிற ஆளாகிப்போயிருந்தான். கதவைப் பூட்டினால் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பான். பதினொரு வருடத்தில் அவன் அடித்த பில்லில் பிழை வந்ததில்லை. அந்தக் கடையிலேயே அதிகக் கவனமுள்ள ஆள் அவன்தான்.

ஒரு வாரம் கழித்துத் தேத்தண்ணி நேரத்தில் நாகேந்திரத்திடம் விசயத்தைச் சொன்னான். அவர் பிஸ்கட்டைத் தேத்தண்ணியில் தோய்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப பில்லில பிழை வராதே?"

"வராது முதலாளி. அது இலக்கம்தானே."

"பிறகென்ன," என்று எழும்பிப் போய்விட்டார்.

ஆனால் கடை பூட்டுகிற நேரம் அவர் கண்ணாடித் தடுப்புக்குப் பக்கத்தில் வந்து நின்றார். அங்கே கிடந்த ஸ்டேப்ளரை எடுத்து வெறுமனே இரண்டு தடவை அமத்தினார்.

"அண்டைக்கு உன்னை ஆக்களுக்கு முன்னால ஏசினனான், என்ன?"

"ஓம் முதலாளி."

"ம்," என்றார். ஸ்டேப்ளரை வைத்துவிட்டு ஷட்டரை இறக்கச் சொல்லப் போனார்.

மன்னிப்பு என்ற சொல் வரவில்லை. ஆனால் அந்த நாள் அவருக்கும் ஞாபகத்தில் இருந்திருக்கிறது. பேர்னாட்டுக்கு அது போதுமாயிருந்தது.

போதாமல் இருந்தது வேறொன்று. அவனால் டைல் கீற முடியவில்லை. நிறத் தட்டைத் திறந்தாலே, தெரியாத பாசையில் கையெழுத்து வைக்கிறவனைப்போல ஒரு கூச்சம். காட்டுத் தொகுதியை இணையத்திலிருந்து எடுத்துவிட்டான். அதைப் புகழ்ந்தவர்களை ஏமாற்றிவிட்டதாக நினைத்தான். திலக்ஷனுக்கு, வேறு ஆளைப் பாருங்கள் தம்பி என்று எழுதிப்போட்டான். நதா ஒன்றிரண்டு தடவை கதைத்துப் பார்த்தாள். "விடு நதா, பொழுதுபோக்குத்தானே," என்றான். இரண்டு மாதம் அப்படியே போனது. ஞாயிறு பின்னேரங்களில் என்ன செய்வதென்று தெரியாமல் குசினி அலுமாரியை இரண்டு தடவை கழற்றித் திரும்பப் பூட்டினான்.

திலக்ஷன் வேறு ஆளைப் பார்க்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் லப்டொப்பையும் தூக்கிக்கொண்டு கொட்டாஞ்சேனைக்கே வந்துவிட்டான். மெலிந்த, தடித்த கண்ணாடி போட்ட பெடியன். நதா கொடுத்த கேக்கைத் தின்றுவிட்டு, "அண்ணா, வேலை ஒண்டும் தரேல்ல. ஒருக்கா விளையாடிப் பார்த்துச் சொல்லுங்க, அவ்வளவுதான்," என்று விளையாட்டைத் திறந்து வைத்தான்.

தபால்காரி பையோடு ஓடினாள். ஓடையைத் தாண்டினாள். புல்வெளியில் நாலடி வைத்ததும் விழுந்து செத்தாள். பேர்னாட் மறுபடி தொடங்கினான். அதே இடத்தில் மறுபடி செத்தாள். ஐந்தாவது தடவையும் அப்படியே.

"என்ன இது, சும்மா போறவள் சாகிறாள்?"

"முள்ளில மிதிக்கிறீங்க அண்ணா."

"முள் எங்க?"

"இந்தா. புல்லுக்குள்ள, சிவப்பா." திலக்ஷன் விரலை வைத்துவிட்டு, அப்போதுதான் விளங்கி, விரலை எடுத்தான். புல்லும் முள்ளும் அவனே கீறியவை.

பேர்னாட் கொஞ்சநேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "இந்தப் படத்தில இருந்து நிறத்தை முழுசா எடுத்துவிடுங்க. கறுப்பு வெள்ளையாக்குங்க," என்றான்.

திலக்ஷன் ஆக்கினான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தான். முள் இருந்த இடத்தில் புல்தான் இருந்தது. நதாவும் எட்டிப் பார்த்தாள். அவளுக்கும் தெரியவில்லை.

"இப்ப மூண்டு பேருக்கும் ஒண்டுதான்," என்றான் பேர்னாட். "முள்ளும் புல்லும் ஒரே வெளிச்சத்தில நிக்குது. ரெண்டும் ஒரே பக்கம் சாய்ஞ்சு நிக்குது. நிறத்தை மட்டும் நம்பி வச்சிருக்கிறீங்க."

லப்டொப்பைத் தன் பக்கம் திருப்பினான். கேட்காமலே தொடங்கிவிட்டான். முள்ளைப் புல்லுக்கு எதிர்ப்பக்கம் சாய்த்தான். நுனியில் மூன்று கட்டம் வெளிறிய நிறம், அடியில் ஒரு வரி கறுப்பு. புல்லின் நிழலை ஒரு கட்டம் குறைத்தான். இருபது நிமிடம் ஆகவில்லை. திலக்ஷன் நிறத்தைத் திரும்பப் போட்டதும் முள் தூரத்திலிருந்தே முழித்துக்கொண்டு நின்றது. தபால்காரியைப் பாயவிட்டுப் பார்த்தார்கள். பாய்ந்தாள்.

"அண்ணா, மலை முழுக்க நீங்களே செய்யவேணும்," என்றான் திலக்ஷன்.

"எனக்கு நிறம் தெரியாதே."

"எனக்குத் தெரியும்," என்றாள் நதா கதவடியிலிருந்து.

அப்படித்தான் இரண்டு பேரும் சேர்ந்து வேலை செய்யத் தொடங்கினார்கள். பேர்னாட் ஒவ்வொரு டைலையும் முதலில் கறுப்பு வெள்ளையில் முழுமையாகக் கீறி முடிப்பான். பிறகு நதா நிறம் போடுவாள். நிறத் தட்டில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு இலக்கம். இலக்கம் மட்டும் இருந்தால் பேர்னாட்டுக்குப் பிடிமானம் இல்லை. அவள் பேர் வைக்கத் தொடங்கினாள். பச்சை என்றால் பச்சைதானே என்று தொடங்கியவள், இரண்டு வாரத்தில் வெத்தலை, வல்லாரை, பழைய தண்ணித்தொட்டி, பஸ் சீட் என்று ஏழெட்டுப் பச்சை வைத்திருந்தாள். மரக்கறிக் கடையில் கீரைக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுவிடுவதாக அவளே சொல்லிச் சிரித்தாள்.

எல்லா நாளும் சிரிப்பில்லை. ஒரு நாள் மலையுச்சிப் புல்லுக்கு அவளுக்குப் பிடித்த இளம்பச்சை ஒன்றைப் போட்டாள். பேர்னாட் வேண்டாம் என்றான். பின்னாலுள்ள முகிலோடு கலந்து, புல் எங்கே முடிகிறதென்று தெரியாது என்றான்.

"நல்லாத் தெரியுது. நிறம் தெரிஞ்சது எனக்கா உங்களுக்கா?"

சொன்னபிறகுதான் அது எங்கே போய்த் தைத்தது என்று அவளுக்கு விளங்கியது. பேர்னாட் திரையில் புல்நுனியைத் தொட்டுக் காட்டினான்.

"உனக்குத்தான். வெளிச்சம் எனக்குத் தெரியும்."

இரண்டு பேரும் தேத்தண்ணி குடித்தார்கள். கோப்பையைக் கழுவிவைத்துவிட்டு வந்த நதா, அந்தப் பச்சையை இரண்டு படி இருட்டாக்கினாள். முகிலுக்கு முன்னால் புல் தனியாக எழும்பி நின்றது.

விளையாட்டு அடுத்த வருடம் வெளிவந்தது. உலகத்தைப் புரட்டவில்லை. சில நூறு பேர் விளையாடினார்கள், பாய்வது கஷ்டம் என்று சிலர் குறை சொன்னார்கள், திலக்ஷன் அதைத் திருத்தினான். கடைசியில் ஓடுகிற பேர் வரிசையில் நிலமும் மலையும் என்பதற்கு நேரே கணவன் மனைவி இரண்டு பேரின் பேரும் இருந்தது. பேர்னாட் காட்டையும் புதிதாகச் செய்து இணையத்தில் போட்டான். கூடவே இப்படி எழுதினான்: இதைக் கீறியவருக்குச் சிவப்பும் பச்சையும் பிரிந்து தெரியாது, நிறங்கள் அவருடைய மனைவி போட்டவை.

நதா அதை வாசித்துவிட்டு, "எந்த மனைவி? எனக்குப் பேர் இல்லையா?" என்றாள். அழித்துவிட்டு நதாலியா என்று எழுதினான். முதல் பாதியை அழிக்க அவனுக்குத் தோன்றவில்லை.

இப்போது கொட்டாஞ்சேனைத் தெரு ஒன்றைச் செய்கிறார்கள். மதில், இரும்புக் கதவு, மழைநீர் வடிந்த சுவர், வயர் தொங்குகிற தூண். ஞாயிறு பூசை முடிந்ததும் நேரே வீட்டுக்கு வராமல் ஒழுங்கை ஒழுங்கையாக நடக்கிறார்கள். நதா சுவர்களைப் பார்த்து நிறம் சொல்ல, பேர்னாட் போனில் குறித்துக்கொள்கிறான். போன ஞாயிறு, வாசலில் நின்ற ஒரு மனுசி மாநகரசபையிலிருந்தா வந்திருக்கிறீர்கள், சுவரை இடிக்கப் போகிறீர்களா என்று பயந்துபோய்க் கேட்டாள். இல்லையென்று சொல்லிச் சமாளித்துவிட்டு அடுத்த ஒழுங்கைக்குத் திரும்பினார்கள். அங்கே நாலைந்து தடவை வேறுவேறு நிறம் அடித்து, எல்லாம் உரிந்து, கீழே பாசி பிடித்த ஒரு நீளச் சுவர்.

"இது என்ன நிறம்?" என்று பேர்னாட் போனைத் தயாராக வைத்துக்கொண்டு கேட்டான்.

நதா வாயைத் திறந்து மூடினாள். கிட்டப் போனாள், தள்ளி வந்தாள். "பொறுங்க," என்றாள். "இதைச் சொல்லக் கொஞ்சநேரம் வேணும்."

பேர்னாட் எதிர்ப்பக்க நிழலில் போய் நின்றுகொண்டான்.